நாட்டார் வழக்காற்றியல் படிக்க எந்த வட்டாரத்துக்குப் போவது?

தமிழ் இளங்கலை முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "கதையும் பாட்டும் சாமியாட்டமும் இன்னும் புழக்கத்தில் இருக்கிற ஒரு வட்டாரத்தில் போய்த் தங்கி, நாட்டுப்புறவியலைப் பல்கலைக்கழகப் படிப்பாகப் படிக்க ஆசை. என்ன சொல்லித் தருவார்கள்? எங்கே படிக்கலாம்? படித்தால் என்ன ஆகும்?"

நான் இதைத் திருநெல்வேலிப் பக்கம் படித்தவன். படிப்பு முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பக்கத்து ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் கொடை விழாக்களையும் பாட்டுகளையும் விட்டு வர முடியவில்லை. அதனால் என் பதிலில் நெல்லை வாடைதான் அடிக்கும். தஞ்சையிலோ கொங்கிலோ படித்தவர் வேறு உதாரணம் சொல்வார், அதுவும் சரிதான்.

முதலில் பெயர். இந்தத் துறைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 'நாட்டுப்புறவியல்' என்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் 'நாட்டார் வழக்காற்றியல்' என்பார்கள். அந்தத் துறையை உருவாக்கிய பேராசிரியர் தே. லூர்து இந்தச் சொல்லில் பிடிவாதமாக இருந்தார், அதற்குக் காரணமும் இருக்கிறது. 'நாட்டுப்புறம்' என்றதும் நமக்குக் கிராமம் நினைவுக்கு வருகிறது, வயலும் வரப்பும் படிக்காத மக்களும் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஏதோ ஒன்றைப் பொதுவாகக் கொண்ட எந்தக் கூட்டமும் 'நாட்டார்'தான் என்று அமெரிக்க ஆய்வாளர் ஆலன் டண்டிஸ் விளக்கினார். லாரி ஓட்டுநர்கள், விடுதி மாணவர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள் எல்லோருக்கும் தங்களுக்குள் மட்டும் புரியும் கதை, கேலி, சகுனம், பட்டப்பெயர் உண்டு. அவையும் வழக்காறுதான். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், வளமான வட்டாரத்தைத் தேடிப் போகிற ஆர்வத்தில் நம் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சரி, என்ன சொல்லித் தருவார்கள்?

முதல் பருவத்தில் வரலாறு வரும். 1846இல் வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர் 'ஃபோக்லோர்' என்ற சொல்லைப் புனைபெயரில் எழுதிய ஒரு கடிதத்தில் முன்வைத்தது, கிரிம் சகோதரர்கள் 1812இல் கதைத் தொகுப்பை வெளியிட்டது, அப்புறம் நம் பக்கத்தில் கிறித்தவப் பாதிரிமாரும் வெள்ளைக்கார அதிகாரிகளும் பழமொழியும் பாட்டும் தொகுத்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் என்று அடுக்கும்போது பிசியையும் முதுசொல்லையும் சேர்த்தே எண்ணுகிறார். பிசி விடுகதை, முதுசொல் பழமொழி. இலக்கண ஆசிரியர் ஒருவர் விடுகதையை இலக்கிய வகைகளுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறார் என்பதை வகுப்பில் முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. அதுவரை விடுகதை என்றால் சின்னப்பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்துக் கோட்பாடு. இங்கேதான் நிறையப் பேர் மிரண்டு போவார்கள். ரஷ்யாவின் விளாதிமிர் பிராப் 100 மாயக் கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்து, அவற்றில் 31 செயல்கள்தான் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1928இல் எழுதினார். ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார், ஒரு தடை விதிக்கப்படுகிறது, தடை மீறப்படுகிறது என்று தொடங்கி, கடைசிச் செயலாகத் திருமணமும் பட்டம் சூட்டலும் வரும். அப்புறம் ஆர்னே, தாம்சன் உலகக் கதைகளுக்கு எண் கொடுத்த அட்டவணை. யுகோஸ்லாவியப் பாணர்களைப் பதிவு செய்த மில்மன் பேரி, ஆல்பர்ட் லார்டு இருவரும் கண்டது இன்னொன்று: பாணன் பல்லாயிரம் வரிகளை மனப்பாடம் செய்வதில்லை, வாய்பாட்டுத் தொடர்களை வைத்துப் பாடும்போதே கட்டுகிறான். இதையெல்லாம் கடினமான மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டி வரும். பொறுமையாகப் படியுங்கள். ஆனால் ஒரு வட்டாரத்தில் இருந்து படிப்பதன் பலன், அந்தப் புத்தகத்தோடு ராத்திரி ஒரு கொடைக்குப் போகும்போதுதான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கொடை என்றால் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் போன்ற தெய்வங்களுக்கு ஊரார் எடுக்கும் விழா. சித்திரையிலும் ஆடியிலும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் வழியில் நாலு இடத்தில் பந்தலும் ஒலிபெருக்கியும் பார்க்கலாம். குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று நடக்கும். ஒரு பக்கம் நையாண்டி மேளம். சுடலை கோயிலாக இருந்தால் கணியான் கூத்து: இரண்டு பேர் மகுடம் என்ற தோல் கருவியை அடிக்க, பெண் வேடம் கட்டியவர்கள் ஆட, அண்ணாவி பாடுவார். இன்னொரு பக்கம் வில்லுப்பாட்டு. நீண்ட வில், அதன் நடுவில் கட்டிய குடம், உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுகிறவரைப் புலவர் என்பார்கள்.

மாணவனாக நான் போன முதல் கொடையில் என் நோட்டில் பிராப்பின் 31 செயல்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். கதை போகப் போக ஒவ்வொன்றாக டிக் அடிப்பதாகத் திட்டம். பத்து மணிக்குப் புலவர் ஆரம்பித்தார். பிறப்பு, வளர்ப்பு, வரம் எல்லாம் நிதானமாகப் போயிற்று. சாமம் நெருங்க நெருங்கக் கதையில் ஆள் சாகும் கட்டம் வருகிறது. புலவர் பாடிக்கொண்டே கூட்டத்துக்கு அப்பால் பார்த்தபடி இருந்தார். அங்கே சாமியாடுகிறவர் தூணோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான், குடத்தில் விழுந்த அடி மாறியது, உடுக்கை வேகம் பிடித்தது. இடையில் வரவேண்டிய ஒரு பெரிய பகுதியையே விட்டுவிட்டுப் புலவர் நேராகச் சாவுக்குத் தாவி, அங்கிருந்து சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டுக்குப் போய்விட்டார். சாமி எழுந்து ஆடியது. என் நோட்டில் பன்னிரண்டாவது டிக்கோடு பேனா நின்றுபோயிற்று.

மறுநாள் காலை டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, கதையில பாதிய விட்டுட்டீங்களே?"

"சாமி எந்திரிச்ச பொறகு கதையை யாருக்குச் சொல்ல, தம்பி? கேக்க வேண்டியவுக வந்தாச்சுல்லா."

அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பிராப்பின் கதைகள் கல்யாணத்தில் முடிகின்றன. எங்கள் கொடைக் கதைகள் அநியாயச் சாவை நோக்கிப் போகின்றன. செத்தவர் தெய்வமாகிறார், அந்தத் தெய்வம் கதை கேட்டு அங்கேயே வந்து நிற்கிறது. கதை எங்கே முடியும் என்பதைத் தீர்மானிப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் தோள். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் இதே வில்லுப்பாட்டைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆராய்ந்து, 1988இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். பிறப்புக் கதையும் இறப்புக் கதையும் கொடையில் எப்படி வெவ்வேறு விதமாக நடக்கின்றன என்பதுதான் அவர் அக்கறை. புத்தகத்தை முதலில் படித்திருந்தால் விவரம் தெரிந்திருக்கும். ஆனால் அந்தத் தோள் குலுங்கியதை நான் பார்த்திருக்க மாட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதே விஷயத்துக்குக் கர்நாடகக் கடலோரத் துளு நாட்டில் இன்னொரு முகம் இருக்கிறது. கோபால நாயக்கர் என்ற பாடகர் பாடிய, சிரி என்ற பெண்ணின் கதையைச் சொல்லும் வாய்மொழிக் காப்பியத்தைப் பின்லாந்து ஆய்வாளர் லௌரி ஹாங்கோவும் கன்னட அறிஞர்களும் சேர்ந்து 1990இல் பதிவு செய்தார்கள். 15,683 வரிகள் வந்தன. சடங்கில் அவர் அவ்வளவையும் பாடுவதில்லை. முழுதாகப் பாடச் சொல்லிக் கேட்டதால் அந்த முழுமை வந்தது. அப்படியென்றால் 'உண்மையான' சிரி கதை எது? சடங்கில் வரும் துண்டா, பதிவுக்காகப் பாடிய முழுக் காப்பியமா? எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியை வைத்து ஒரு வாரம் சண்டை போட்டோம். அந்த ஒரு வாரத்துக்காகவே படிப்புக்குக் கட்டிய பணம் தகும்.

களப்பணி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தாலாட்டுத் தொகுக்கப் போயிருந்தேன். பெரிய பாடகி என்று ஊரே சொன்ன ஒரு ஆச்சி. பதிவுக் கருவியை முன்னால் வைத்து, "பாடுங்க ஆச்சி" என்றேன். மூன்று வரி பாடினார், நின்றுவிட்டார். "அவ்வளவுதான்யா, மறந்துபோச்சு." நான் ஏமாற்றத்தோடு கருவியை மூடப் போனபோது மருமகள் அழுகிற பிள்ளையைக் கொண்டு வந்து ஆச்சி மடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனார். கால் தானாக ஆட ஆரம்பித்தது, பாட்டும் வந்தது. இருபது நிமிடம் நிற்கவே இல்லை. மடியில் பிள்ளை இல்லாமல் பாட்டு வராது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு அவர் மண்டையில் மட்டும் இல்லை, காலிலும் மடியிலும் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தால் அந்த நீண்ட தாலாட்டில் மாமனைக் காணோம். தமிழ்த் தாலாட்டில் தாய்மாமன் இல்லாமல் இருப்பது பெரிய அதிசயம். சீர் கொண்டு வருவது, தொட்டில் கட்டுவது, பூச்செண்டால் செல்லமாக அடிப்பது எல்லாம் மாமன்தான். ஆச்சி அத்தை, பாட்டி, சித்தப்பன் எல்லோரையும் பாடியிருந்தார், மாமனை மட்டும் தொடவில்லை. அடுத்த முறை போனபோது பக்கத்து வீட்டு அம்மா தற்செயலாகச் சொன்னார்: மருமகளின் அண்ணனுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, சடங்குக்குக் கூட வரவில்லை. மருமகள் அடுக்களையில் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆச்சி மாமன் அடிகளைத் தாண்டிப் போகிறார். மருமகள் மனம் நோகக்கூடாது என்று விட்டாரா, கோபத்தில் விட்டாரா, நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தோன்றியது. ஒரே ஒரு முறை போயிருந்தால் "இந்த ஊர்த் தாலாட்டில் மாமன் இடம்பெறுவதில்லை" என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பேன். எவ்வளவு பெரிய பொய் அது!

அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் படிக்கப் போகும் இடம் களத்துக்கு நடந்தோ பேருந்திலோ திரும்பத் திரும்பப் போகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். வளமான வட்டாரத்தில் படிப்பதன் பெரிய லாபம் அங்கே பொருள் நிறையக் கிடைக்கும் என்பது அல்ல. ஒரே வீட்டுக்கு ஐந்தாவது தடவை போக முடியும் என்பது. இதுதான் உங்கள் கேள்விக்கு என் முக்கியமான பதில்.

எழுத்துப் பெயர்ப்பு இன்னொரு பெரிய வேலை. ஒரு மணி நேரப் பதிவைக் காகிதத்தில் இறக்க ஒரு நாள் முழுதும் போகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் தடவை நான் ஒப்பாரி ஒன்றை எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன். பேச்சு வழக்கையெல்லாம் 'திருத்தி', பொறந்த இடத்தைப் பிறந்த இடமாக்கி, வெள்ளனவை அதிகாலையாக்கி அழகாக எழுதியிருந்தேன். ஆசிரியர் இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இதைப் பாடினது அந்தம்மாவா, நீயா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். திரும்ப எழுதினேன். ஒப்பாரி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது: சாவு இல்லாத வீட்டுக்குள் உட்கார்ந்து யாரும் பாடமாட்டார்கள், கேட்கவும் கூடாது. தோட்டத்துக்கோ கண்மாய்க் கரைக்கோ வந்து பாடித் தந்தவர்கள் உண்டு. பாதியில் நிஜமாகவே அழுதுவிடுவார்கள். அந்த நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும், எந்தப் பாடத்திட்டத்திலும் அது இருக்காது.

பழமொழி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பு நம் பார்வையை எப்படி மாற்றும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் இல்லை. "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது தவறு, "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதுதான் சரி என்று யாராவது அனுப்பிய செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கும். "அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பதில் 'அடி' இறைவனின் திருவடி என்றும் விளக்கம் வரும். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வழக்காற்றியல் மாணவர் கேட்கும் கேள்வி வேறு. யார், யாரிடம், எந்த நேரத்தில் அதைச் சொன்னார்? அனுபவமில்லாத வைத்தியரிடம் போய் ஏமாந்தவர் எரிச்சலில் 'பேரை' என்று சொன்னால், அங்கே அதுதான் பழமொழி. மூலிகை வைத்தியர் தன் உழைப்பைச் சொல்ல 'வேரை' என்று சொன்னால், அங்கே அது பழமொழி. வாய்மொழியில் பூட்டி வைத்த மூலப்படி ஒன்று எங்கும் இல்லை. பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். மலைக்கவைக்கும் உழைப்பு, இன்றைக்கும் நான் புரட்டுகிற புத்தகம். ஆனால் அதில் ஒரு பழமொழியைக் கூட யார் எதற்காகச் சொன்னார் என்று தெரிந்துகொள்ள முடியாது. அந்த விடுபட்ட பாதியை எழுதுவதற்குத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

ஒரே கதை ஆளுக்கு ஆள் மாறி வரும் பாடவேறுபாட்டை எடுத்துக்கொண்டால் முத்துப்பட்டன் கதையைத் தவிர்க்க முடியாது. பிராமணனான பட்டன், செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளை மணக்கிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை சொன்னபடி பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். மாடுகளைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். மனைவியர் தீப்பாய்கிறார்கள். இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாகிவிட்ட அவனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் தாங்காது. தொங்கும் செருப்பு தேய்ந்திருக்கும், பட்டவராயர் ராத்திரியில் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. சில பாடங்களில் அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். யாருக்கு அந்தத் திருப்பம் தேவைப்பட்டது? எந்தக் கூட்டத்தின் முன்னால் அதைச் சேர்க்க வேண்டி வந்தது? கதையின் முதுகெலும்பையே மாற்றும் இந்தச் சேர்க்கையை நா. வானமாமலை எடுத்துப் பேசினார். நாங்குநேரிக்காரரான அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் துறைத்தலைவராக இருந்தவர் அல்லர். நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தி, 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழை வெளியிட்டு, தமிழில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர். கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது பாட்டுக்குள் இருந்த சாதியையும் நிலத்தையும் கலகத்தையும் வெளியே கொண்டுவந்தார். எங்களுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் துணிச்சல் வந்தது.

துணிச்சலோடு எச்சரிக்கையும் வேண்டும். எங்கள் பக்கத்துத் தெய்வங்களில் பலர் கொலையுண்டவர்கள். காதலுக்காகவோ சாதிக்காகவோ சொத்துக்காகவோ கொல்லப்பட்டவர்கள். கொன்றவர் வழி வந்த குடும்பமும் செத்தவர் வழி வந்த குடும்பமும் அதே ஊரில் இருக்கும். கதையை உங்களிடம் நம்பிச் சொல்வார்கள், சில நேரம் "இதை எழுதிராதீங்க" என்றும் சொல்வார்கள். எழுதாதீர்கள். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் மெலிந்துபோனால் போகட்டும். பதிவு செய்ததன் ஒரு படியைப் பாடியவருக்குத் திருப்பிக் கொடுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக உட்கார்ந்தவருக்கு அந்த நாள் கூலியாவது போய்ச் சேர வேண்டும். பெயர் போடலாமா என்று கேட்டுப் போடுங்கள். பாடியவர் பெயரே இல்லாமல் தொகுத்தவர் பெயர் மட்டும் அட்டையில் மின்னும் புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

வளமான வட்டாரத்தில் ஒரு கண்ணிக்குள் விழவும் வாய்ப்பு உண்டு. கண்ணைப் பறிக்கிற விஷயங்கள் அதிகம் இருப்பதால் எல்லோரும் அதன் பின்னாலேயே ஓடுவார்கள். கரகாட்டத்தை நூறு பேர் படம் எடுப்பார்கள். ஆலங்குளம், முக்கூடல் பக்கம் வீட்டு வாசலில் சுளகை (முறத்தை) மடியில் வைத்து, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டிப் பீடி செய்துகொண்டே பெண்கள் பேசுகிற பேச்சை யாரும் கேட்பதில்லை. கை ஒரு நொடி நிற்காது. அந்த வேகத்துக்கு இசைவாகக் கதை, விடுகதை, கடைக்காரர் கழித்துவிட்ட கட்டைப் பற்றிய புலம்பல், யார் வீட்டிலோ பேய் பிடித்த சேதி எல்லாம் வரும். எனக்கு மிகப் பிடித்த கதைகள் பல பீடிச் சுளகைச் சுற்றிக் கிடைத்தவை. அதே மாதிரி மேலப்பாளையத்து இஸ்லாமிய வீடுகளின் கதைகள், உவரி அந்தோணியார் கோயிலில் நேர்ச்சைக்கு வருகிறவர்கள் சொல்லும் அற்புதங்கள் என்று இந்த மண்ணில் பல அடுக்குகள் உண்டு. சுடலையோடு நிறுத்திக்கொண்டால் பாதி நெல்லையைத்தான் பார்த்ததாகும்.

எங்கே படிக்கலாம்? தமிழ்நாட்டில் நான் முதலில் சொல்வது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, அதனோடு இணைந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் பதிவுகளும் நூல்களும் பெரிய சொத்து. ஆய்வுப் பட்டம் நோக்கிப் போகிறவர்களுக்கு 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். வெளி மாநிலம் போகத் தயார் என்றால், கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்தில் நாட்டுப்புறவியலுக்கென்றே 2011இல் தனிப் பல்கலைக்கழகம் அமைத்திருக்கிறார்கள், அங்கே கன்னடம் வேண்டும். அசாமில் கௌகாத்திப் பல்கலைக்கழகத் துறை பழமையும் பெயரும் உள்ளது. எங்கே சேர்வதாக இருந்தாலும் விண்ணப்பிக்கும் முன் நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். இந்த ஆண்டு முதுகலை வகுப்பு நடக்கிறதா? சில இடங்களில் ஆள் சேராமல் போவதுண்டு. களப்பணிக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்? பழைய மாணவர்களின் ஒலிப்பதிவுகள் இப்போதும் கேட்கும் நிலையில் இருக்கின்றனவா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே அந்தத் துறையை எடை போட்டுவிடலாம். நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கிற துறையில் உங்கள் உழைப்புக்கும் அதே கதிதான்.

வேலை பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இந்தப் பட்டத்துக்கென்றே காத்திருக்கும் பணியிடங்கள் குறைவு. யூஜிசி நெட் தேர்வில் நாட்டார் இலக்கியம் தனிப் பாடமாகவே இருக்கிறது, அதில் தேறிக் கல்லூரிக்குப் போகலாம். ஆனால் தமிழாசிரியர் பணிக்கு இந்த முதுகலையைத் தமிழ் முதுகலைக்குச் சமமாக ஏற்பார்களா என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னோடு படித்த ஒருவருக்கு இந்தச் சிக்கலில் நான்கு வருஷம் வீணானது. அதற்காகவே பலர் தமிழ் முதுகலையும் சேர்த்து முடிக்கிறார்கள். அருங்காட்சியகம், ஆவணப்படம், வானொலி, பாடநூல் தயாரிப்பு, தொண்டு நிறுவனம், பத்திரிகை என்று மற்ற பக்கங்களிலும் ஆட்கள் போயிருக்கிறார்கள். பேசுகிறவரை மடக்காமல் கேட்கவும், கேட்டதை மாற்றாமல் எழுதவும் பழகியவரை அங்கெல்லாம் மதிக்கிறார்கள். வீட்டில் உடனே சம்பளம் எதிர்பார்க்கும் நிலை இருந்தால் முதலில் பி.எட். முடித்துக்கொண்டு வாருங்கள். இந்தப் படிப்புக்கு வயது தடை இல்லை, முப்பது வயதில் வந்தவர்கள் எங்களைவிட நன்றாகக் களம் கண்டார்கள்.

சேர்க்கைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும் அல்லவா? அதற்குள் ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ, அவர் அடிக்கடி சொல்லும் ஒரு கதையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கைப்பேசியே போதும். ஒரு மாதம் கழித்து, வேறு நேரத்தில், முடிந்தால் வேறு யாராவது கூட இருக்கும்போது, அதே கதையை மறுபடி சொல்லச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரு எழுத்துக் கூட மாற்றாமல் தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது நீண்டிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது, இரண்டாவது தடவை யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அந்த இரண்டு தாள்களையும் கொண்டு போங்கள். எந்தத் துறைக்குப் போனாலும் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும்.